வியாழன் காலை ஏழு மணி வரை

1

டப்ளினுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினொரு வருடம் முடிகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் மயிலாப்பூரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று. பத்திரிகையில் என்றால் முகம் மலரும். தொழில்நுட்பச் செய்திகள் எழுதுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு போன் வெளியே வந்துவிடும். ரொம்பச் சூடாகிறது, என்னவென்று பார்த்துச் சொல் என்பார்கள். சாந்தோம் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த ஓர் ஆன்ட்டி, மகனுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டு என்னை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார். எனக்கு லேப்டாப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

டப்ளினிலும் கதை இதேதான். ஆரம்ப வருடங்களில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் வரிசையில் நிற்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் தொழிலைப் படித்துவிட்டு, வீட்டு இன்டர்நெட் அடிக்கடி நின்றுபோகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டார். அட்டை என் கைக்கு வரும்வரை நானும் பொறுமையாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வழி?

தி.நகரில் சிறு பத்திரிகை நடத்தும் என் பழைய தோழி ஒருத்தி, இவர்களைப்போல் போனை நீட்டாமல் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். அயர்லாந்துப் பத்திரிகைகளில் தொழில்நுட்பச் செய்தி எந்தத் தரத்தில் இருக்கிறது, எழுதித் தாயேன் என்றாள். இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அதற்குள் போன மே மாதம் எங்கள் வீட்டிலேயே ஒரு விஷயம் நடந்துவிட்டது. இப்போது அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

2

அயர்லாந்து சின்ன நாடு. ஆனால் உலகத்தின் பெரிய கணினிக் கம்பெனிகளில் பாதிக்கு ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். என் அலுவலகத்திலிருந்து கால்வாய் ஓரமாகக் கொஞ்சம் நடந்தால் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி வாசலில் பேசும் அம்மாக்கள், ரியாவின் தோழிகளின் அப்பாக்கள் என்று யாரை எடுத்தாலும் அதில் ஒரு கட்டடத்துக்குள் போய்வருகிறவர்கள்தான். ரியா என் மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

அதனால் இங்கே தொழில்நுட்பச் செய்தி என்றால் முதலில் வேலைச் செய்தி. ஒரு கம்பெனி புதிதாக ஆள் எடுக்கிறது என்றால் தலைப்பிலேயே எத்தனை பேர் என்று வந்துவிடும். பக்கத்தில் ஒரு புகைப்படம். அதில் அமைச்சர் ஒருவர் சிரித்தபடி நிற்பார். எங்கள் பத்திரிகையை ரியா அபூர்வமாகத்தான் புரட்டுவாள். அப்படி ஒருநாள் புரட்டிவிட்டு, "அம்மா, உங்க பேப்பர்ல எல்லா போட்டோலயும் ஒரே அங்கிள்தான் இருக்கார்," என்றாள். அமைச்சர்கள் மாறியிருந்தார்கள். சிரிப்பு மாறவில்லை. அவள் சொன்னதில் பெரிய தப்பில்லை.

இந்தச் செய்திகள் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. கம்பெனி தன் செய்திக்குறிப்பை ஒன்றிரண்டு நாள் முன்பே எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடும். தலையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன நாள் இன்ன மணி வரை வெளியிட வேண்டாம். இதை எம்பார்கோ என்போம். நிதானமாகப் படித்து எழுத அவகாசம் கிடைக்கிறது என்பது அதன் நியாயம். இதில் சிலர் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நாம் ஒப்புக்கொண்டால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். கேட்காமலே அனுப்பிவிட்டு வாயை மூடு என்றால் மூட வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் டப்ளினில் எல்லோரும் மூடிக்கொள்கிறோம். அடுத்த தடவை அழைப்பு வராமல் போய்விடுமோ என்ற பயம்தான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இங்கே தொழில்நுட்பம் எழுதுகிற நிருபர்கள் மிகக் குறைவு. ஒருவரே காலையில் ஒரு நீதிமன்ற வழக்கு, மதியம் ஒரு கம்பெனியின் லாபக்கணக்கு, மாலையில் ஒரு போன் விமர்சனம் என்று எழுத வேண்டியிருக்கும். தனியுரிமைச் சட்டம் பற்றியும், டேட்டா சென்டர்கள் குடிக்கும் மின்சாரத்தைப் பற்றியும் எழுதும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படித்தால் நான் தொப்பியைக் கழற்றி வைத்துவிடுவேன். ஆனால் அப்படி நன்றாக எழுதுகிறவர்களைக் கம்பெனிகளே நல்ல சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். நேற்றுவரை கேள்வி கேட்டவர் இன்று பதில் எழுதி அனுப்புகிறவராகிவிடுவார்.

கீரன் அப்படிப் போனவன். அது அசல் ஐரிஷ் பெயர். நம் ஊர்ப் பெயர் மாதிரி ஒலிப்பதாலேயே அம்மாவுக்கு அவனைப் பிடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து மேஜை அவனுடையது. இங்கே ஒருவர் "ஆமாம், செய்கிறேனே" என்று இழுத்துச் சொன்னால் செய்ய மாட்டார் என்று அர்த்தம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவன் அவன்தான். அதற்கு முன்னால் அந்த 'ஆமாம்'களை நம்பி நான் பல பேட்டிகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். இப்போது அவன் ஒரு பெரிய கம்பெனியின் செய்தித் தொடர்பாளன்.

3

சென்னையில் நான் பத்து வருடம் இதே வேலை பார்த்தேன். அங்கே வேறு மாதிரி.

தி.நகரில் ஏதாவது ஓர் ஓட்டல் கூடத்தில் பிரஸ் மீட் நடக்கும். மேடையில் பூங்கொத்து, நாற்காலியில் கோப்பு, கோப்புக்குள் செய்திக்குறிப்பு, கூடவே ஒரு பேனா. மேடையில் இருப்பவர் ஓ.எம்.ஆர். சாலையில் வரப்போகும் புதிய அலுவலகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நீளமாகப் பேசுவார். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். உண்மையான கேள்விகள் சாப்பாட்டு வரிசையில்தான் வரும். தட்டைக் கையில் பிடித்தபடி அந்த அதிகாரியை நாலு பேர் சூழ்ந்துகொள்வோம். பிரியாணியைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் மழுப்ப முடியாது. பழைய அலுவலகத்தை என்ன செய்யப் போகிறீர்கள், அங்கே இருப்பவர்களைக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டால், வாயில் இருக்கும் கவளத்தோடு உண்மையும் வந்துவிடும்.

திருவல்லிக்கேணியிலிருந்து வரும் ஒரு புகைப்படக்காரர் என்னைப் பார்த்து அலுத்துக்கொள்வார். "இன்னா மேடம், துன்ற நேரத்துல கூட கேள்வி கேட்டுக்கினு கீறீங்க. அந்த மனுசன் ஒரு வாய் துன்னட்டும் வுடுங்க," என்பார். பேசிக்கொண்டே கேமராவையும் தயாராக வைத்திருப்பார்.

சென்னைப் பத்திரிகைகள் உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கோப்பில் இருந்ததை அப்படியே அச்சிட்டவர்கள் நிறைய உண்டு. விளம்பரம் தருகிற கம்பெனி என்றால் பேனா தானாக இளகும். ஆனால் சென்னையில் கேள்வி கேட்பது ஒரு பழக்கமாக இருந்தது. இங்கே மின்னஞ்சலில் பிரியாணி வருவதில்லை. கேட்க வேண்டுமென்றால் தனியாகப் போன் செய்து கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், கொஞ்சம் தடித்த தோலும் வேண்டும்.

4

செல்வின் என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். அபிராமபுரத்தில் அம்மாவோடும் மனைவி, கைக்குழந்தையோடும் இருக்கிறான். கிண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் ரொம்ப காலமாக வேலை பார்த்தான். நல்ல இடம்தான், ஆனால் மேலே போக வழியில்லை. வருடா வருடம் வேறு இடம் பார்க்கிறேன் என்பான், பார்க்க மாட்டான். குழந்தை பிறந்த பிறகுதான் நிஜமாகவே தேட ஆரம்பித்தான்.

ஏப்ரலில் ஒருநாள் அவனே கூப்பிட்டான். பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் கிடைத்துவிட்டது என்றான். உலகம் முழுக்க இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு உதவி செய்கிற பிரிவு. கம்பெனியின் பெயரைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அதன் ஐரோப்பியத் தலைமையகம் என் ஜன்னலிலிருந்து தெரியும். கீரன் வேலை பார்ப்பதும் அங்கேதான்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தெருவுல வேலை செய்யறோம்னு சொல்லிக்கலாம்க்கா," என்றான் செல்வின்.

அவன் புது வேலையில் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கென்று அம்மா சாந்தோமில் நன்றிப் பூசைக்கு இப்போதே பணம் கட்டிவிட்டாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவள். எதையும் முன்கூட்டியே செய்துவிட்டால்தான் அவளுக்கு நிம்மதி. ரியா வீடியோவில் மாமாவுக்கு வாழ்த்துச் சொன்னாள். சொன்னது ஆங்கிலத்தில். தமிழில் சொல்லு என்றேன். "மாமா, நீ நல்லா வேலை செய்," என்றாள். ஆசீர்வாதம் மாதிரி இருந்தது. செல்வின் கைகூப்பி வாங்கிக்கொண்டான்.

பழைய மேனேஜருக்கு அவனை அனுப்ப மனமில்லை. மே மாதம் இரண்டாவது புதன்கிழமை கடைசி நாள். அன்று மாலை வரை மனசு மாறினால் ஒரு வார்த்தை சொல், உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, வியாழக்கிழமை வேறொருவருக்குக் கடிதம் போய்விடும் என்று சொல்லியிருந்தார். செல்வின் இதைப் பெருமையாக என்னிடம் சொன்னான். தன்னை அவ்வளவு வேண்டியிருக்கிறதாம்.

5

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை செய்திக்குறிப்பு வந்தது. அதே கம்பெனி. டப்ளினில் புதிய வேலைகள், அமைச்சர் வரவேற்கிறார், புகைப்படம் வியாழன் காலை. அன்று ஏழு மணி வரை வெளியிட வேண்டாம். நல்ல செய்திதான், எழுத அரை மணி நேரம் போதும். கீழேயிருந்து நாலாவது பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது. தற்போது வேறு இடங்களில் நடைபெறும் வாடிக்கையாளர் உதவிப் பணிகள் டப்ளினில் ஒருங்கிணைக்கப்படும்.

அதை இரண்டு தடவை படித்தேன். கீரனுக்குப் போன் செய்தேன்.

வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசினோம். அவன் மகனின் பல்வலியைப் பற்றிப் பேசினோம். அந்த 'வேறு இடங்கள்' எவை என்று கேட்டேன். பக்கத்து மேஜையில் இருந்தபோது எப்படிச் சொல்வானோ அப்படியே, ஒரு நொடிகூட யோசிக்காமல், சென்னைதான் என்றான். அந்தப் பிரிவை முழுசாக மூடுகிறார்கள். சொன்ன பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஜெசி, இது உனக்கு மட்டும். எழுதிடாதே. அவங்களுக்கே வெள்ளிக்கிழமைதான் சொல்லப்போறாங்க."

எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு முறை இருக்கிறது. எழுதக்கூடாது என்றால் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், கேட்பவர் சரி என்ற பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். சொல்லிவிட்டுப் பின்னால் கதவைச் சாத்தினால் செல்லாது. அது அவனுக்கும் தெரியும். பத்து வருடம் நிருபராக இருந்தவன். எதிரே இருப்பது நான்தானே என்ற பழக்கத்தில் வாய் தவறிவிட்டான். என் தம்பி அங்கே சேரப்போகிறான் என்று அவனுக்குத் தெரியாது. நானும் அவனிடம் சொல்லவில்லை. சரி, பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் ஆள் எடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் அதே இடத்தை மூடுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவருக்கு மூடுகிறவர் யாரென்றே தெரியாது. இதை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது ஒரு செய்தியாக இருந்தது.

என் போன் மேஜைமேல் இருந்தது. செல்வினைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவன் மேனேஜரிடம் போய் மனசு மாறிவிட்டேன் என்பான். யாருக்கும் தெரியப்போவதில்லை. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் கணவர் சேவியருக்குச் செய்தி அனுப்பினேன். இடைவேளையில் கூப்பிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கூடப் பிறந்தவன், உடனே சொல்லு என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் பெருங்குடியில் அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கெல்லாம் டப்ளினில் ஓர் அக்கா இல்லை. வாசகர்களுக்கு எழுதுவதற்காக என்னிடம் வந்த விஷயத்தை என் வீட்டுக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை அமைச்சரின் சிரிப்போடு கட்டுரை போட என்னால் முடியாது. இப்படி நினைக்கும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது. தம்பி தெருவில் நிற்கப்போகிறான், இவள் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கே தோன்றியது. எழுந்து எங்கள் ஆசிரியர் மேவின் அறைக்குப் போனேன்.

6

மேவ் எங்கள் வணிகப் பக்கங்களின் ஆசிரியர். ஓய்வுக்குக் கிட்டத்தில் இருக்கிற பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. செய்திக்குறிப்பு, கீரன், செல்வின், புதன்கிழமை மாலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதும்விட்டேன். அவர் எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இந்த நாட்டில் யார் செத்தாலும் பிறந்தாலும் முதலில் தேநீர்தான்.

பிறகு இரண்டு விஷயம் சொன்னார். இந்தச் செய்தியை நான் எழுதக்கூடாது, என் குடும்பம் இதில் இருக்கிறது, அதனால் அவரே எழுதுவார். பத்திரிகைக்கு வந்த தகவலை வெளியாகும் முன் வீட்டுக்குச் சொல்லவும் கூடாது. வெளியான அடுத்த நிமிடம் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

"அது எப்ப வெளியாகும்னு நான் பார்த்துக்கிறேன். அதை என்கிட்ட விடு," என்றார்.

செய்தியைச் சொன்னது கீரன் என்று வெளியே தெரியாமல் மேவ் அவனை எப்படிக் காப்பாற்றினார் என்பதை நான் என் நிருபர் நண்பர்களுக்கெல்லாம் சொல்வதுண்டு. கம்பெனியின் இணையதளத்துக்குப் போனார். அந்த உதவிப் பணி நடக்கும் அலுவலகங்கள் எவை என்று அவர்களே பட்டியல் போட்டிருந்தார்கள். டப்ளின் ஒன்று, சென்னை ஒன்று. வேறு இடமே இல்லை. செய்திக்குறிப்பையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் புரிந்திருக்கும். டப்ளினில் அதை அன்று யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, என் தம்பி அங்கே சேரப்போகாமல் இருந்திருந்தால் நானும் அந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை படித்திருக்க மாட்டேன். இங்கே தரம் எப்படி என்று கேட்ட தி.நகர்த் தோழிக்கு என் பதில் யாரும் திறந்து பார்க்காத அந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது.

மேவ் கீரனை விட்டுவிட்டு நேராக அவனுடைய மேலதிகாரிக்குப் போன் செய்தார். உங்கள் எம்பார்கோவை நாங்கள் கேட்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சென்னைப் பிரிவு மூடப்படுகிறதா, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லியாயிற்றா? நாளை மதியம் வெளியிடுகிறோம், அதற்குள் பதில் தாருங்கள். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. மேவ் மழை நின்றுவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைத் தினமும் கூப்பிடும் நேரம் அது. கூப்பிடாமல் இருந்தால் பயந்துவிடுவாள். பூசைக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொன்னாள். செல்வின் போனை வாங்கி, நாளைக்கு ஆபீஸில் கேக் வெட்டுகிறார்கள், ஐந்து மணிக்கு என்றான். என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டான். ஜலதோஷம் என்றேன். இங்கே எப்போதும் ஜலதோஷம்தான், அதனால் நம்பிவிட்டான்.

7

புதன்கிழமை காலை கம்பெனியிலிருந்து இரண்டு வரி பதில் வந்தது. சென்னைப் பிரிவு மூடப்படுவது உண்மை. ஊழியர்களுக்கு இன்று மாலை தெரிவிக்கப்படும். வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது இன்றைக்கே வந்துவிட்டது.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கட்டுரை இணையத்தில் ஏறியது. சென்னையில் அப்போது நாலரை. டப்ளினுக்கு வேலைகள் வருகின்றன, சென்னை அலுவலகம் மூடப்படுகிறது என்று தலைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட ஒரு செய்தியின் தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததில்லை. உள்ளே பெருங்குடி என்று இருந்தது. மேவ் எழுத்துக்கூட்டிக் கேட்டுப் போட்டிருந்தார்.

அடுத்த நிமிடம் அந்தச் சுட்டியைச் செல்வினுக்கு அனுப்பினேன். கூட ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன். என்ன எழுதுவது? சுட்டியை மட்டும் அனுப்பினேன்.

படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறி விழவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. கேக்கை நேரத்தோடே வெட்டிவிட்டார்களோ, போனை எங்காவது வைத்துவிட்டானோ என்று மனசு என்னென்னவோ ஓடியது. சேவியர் கூப்பிட்டு என்ன ஆச்சு என்றார். தெரியவில்லை என்றேன். பிறகு குறி நீலமானது. பதில் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டாள். செல்வின் அவளுக்குச் சொல்லியிருந்தான். கையில் கத்தியோடு நின்றவன் போனைப் பார்த்துவிட்டு அப்படியே மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனானாம். அவர் போனில் கட்டுரையைப் படித்துவிட்டு, ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொள், வெளியே எல்லோரும் காத்திருக்கிறார்கள், கேக்கை வெட்டு என்றாராம். போவதற்காக வாங்கிய கேக்கை இருப்பதற்காக வெட்டியிருக்கிறார்கள். அம்மா இதைச் சொல்லும்போது சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"பூசையை நான் மாத்தலம்மா," என்றாள். "வேலை போகாததுக்கும் நன்றிதானே சொல்லணும். அந்த ஆபீஸ் பிள்ளைங்க பேரு தெரியாது. பேரில்லாம அவங்களையும் சேத்துக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட கேட்டிருக்கேன்."

8

வியாழக்கிழமை எல்லாப் பத்திரிகைகளிலும் அமைச்சர் சிரித்தார். எங்களை மட்டும் புகைப்படத்துக்கு அழைக்கவில்லை. இரண்டு பத்திரிகைகள் கடைசிப் பத்தியில் சென்னையைச் சேர்த்திருந்தன. எங்கள் கட்டுரையைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஒரு வானொலியில் இளம் நிருபர் ஒருத்தி கம்பெனிக்காரரிடம் சென்னையைப் பற்றியே மூன்று கேள்வி கேட்டாள். பதில் வரவில்லை, ஆனாலும் கேட்டாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். இந்த நாட்டுப் பத்திரிகைத் தொழிலைப் பற்றிக் குறை சொல்ல வரும்போதெல்லாம் மேவும் அந்தப் பெண்ணும் குறுக்கே வந்து நிற்கிறார்கள்.

கீரனுக்கு வேலை போகவில்லை. யார் சொன்னது என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. இப்போது என் மின்னஞ்சல்களுக்கு முழுப்பெயர் போட்டு, மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்துப் பதில் எழுதுகிறான். அவன் மகனின் பல்வலி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

செல்வின் இரண்டு நாள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை ரியாவின் பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெண்பிள்ளைகள் வளைந்த மட்டையோடு ஓடி ஆடும் ஐரிஷ் ஆட்டம் அது. விதிகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மற்ற அம்மாக்கள் கத்தும்போது நானும் கத்துவேன். அப்போது போன் வந்தது.

அவனுக்கு இந்த வேலையைப் பற்றிச் சொன்ன, பெருங்குடியில் அதே பிரிவில் இருக்கும் நண்பனைப் பற்றித்தான் முதலில் பேசினான். மாலைக் கூட்டத்துக்கு முன்பே கான்டீனில் யாரோ எங்கள் கட்டுரையைக் காட்டியிருக்கிறார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் படித்தார்களாம். ஆனால் ஒரு நல்லது, கூட்டத்தில் மேலதிகாரி சுற்றிவளைத்துப் பேச முடியவில்லை, நேராக எத்தனை மாதச் சம்பளம் தருவீர்கள் என்று கேட்டார்களாம். உன் ஆபீஸ்காரங்களுக்குத் தாங்க்ஸ் சொல்லச் சொன்னான் என்றான்.

பிறகு தன் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, நாளைக்கு கேக் வெட்டறோம்னு செவ்வாய்க்கிழமை நான் சொன்னேன் இல்ல. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"ஜலதோஷம்னு சொன்ன."

"ஆமா."

மேவ் சொன்னதை, எங்கள் தொழிலின் முறையை, அந்தக் கான்டீனில் இருந்தவர்களை எல்லாம் அடுக்கிச் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், முழுசாகக் கேட்டுக்கொள்வான்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லலக்கா. சரிதான். யோசிச்சுப் பாத்தேன், சரிதான். ஆனா ஒரு வார்த்தைகூட எழுதாம வெறும் லிங்க் அனுப்பினியே. நான் உன் தம்பிக்கா. உன் வாசகன் இல்ல."

எனக்கு ரொம்ப வலித்தது. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நான் செய்ததில் எதையும் மாற்றிச் செய்திருக்க முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. மைதானத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அழுதால் மழை என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால் அழுதேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவதும், அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போவதும் கேட்டது. அவன் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.